சமோசாவின் மூலையில் இருந்த நட்சத்திரம்

டிசம்பர் முதல் வாரத்தில், செமஸ்டர் தேர்வுகளுக்கு நடுவே, பேராசிரியர் சுரேந்திரன் ஹம்னாவைத் தன் அறைக்கு வரச் சொன்னார். மூன்றாம் ஆண்டு வானியல் மாணவர்கள் பதினொரு பேரில் அவள் எட்டாவது ரேங்க். எட்டாவது ஆளை எதற்குக் கூப்பிடுவார்கள்? வெப்ப இயக்கவியல் தாளில் ஏதோ பெரிதாகச் சொதப்பியிருக்கிறோம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அவர் கேட்டது வேறு.

“லீவுக்கு ஊருக்குத்தானே போறே?”

“ஆமா சார். போர்ட் பிளேர்.”

“அங்க இப்ப சூரியன் எத்தனை மணிக்கு மறையுது?”

“அஞ்சு பத்துக்கெல்லாம் போயிரும் சார். ஆறு மணின்னா நல்ல இருட்டு.”

முதல் வருடம் இதே விஷயத்தை வகுப்பில் சொல்லப்போய் எல்லாரும் சிரித்திருந்தார்கள். பெங்களூரில் ஆறரைக்கும் வெளிச்சம் நிற்பதைப் பார்த்து அவள்தான் முதலில் மிரண்டாள். நாடு முழுக்க ஒரே கடிகாரம், அந்தமானோ கிழக்கே கோடியில் கிடக்கிறது, அதனால் அங்கே சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும் என்று அவளுக்கே அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்தது. இப்போது சார் சிரிக்கவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வங்காள விரிகுடாவின் வரைபடம். அதன் குறுக்கே, தாய்லாந்திலிருந்து தமிழ்நாடு வரைக்கும், ஒரு நீலப் பட்டை.

“இது ஒரு சிறுகோளோட நிழல். பேர்கூடக் கிடையாது, வெறும் நம்பர்தான். நாப்பது கிலோமீட்டர் அகலம். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் ஆறு மணி ஒம்போது நிமிஷத்துக்கு ரிஷபத்துல இருக்கிற ஒரு நட்சத்திரத்தை மறைச்சுட்டுப் போகுது. நாலு செகண்ட் மறைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல சென்னையில வெளிச்சம் இருக்கும், நட்சத்திரமே தெரியாது. இந்தியாவுல இதை இருட்டுல பாக்கக்கூடிய ஒரே மண்ணு உங்க ஊரு.”

ஹம்னா அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேரையும் சுற்றுப்புறத்தையும் அது அப்படியே போர்த்தியிருந்தது.

வேலை கேட்பதற்கு லேசாகத்தான் இருந்தது. தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறைந்ததும் ‘போச்சு’ என்றும், திரும்பத் தெரிந்ததும் ‘வந்துருச்சு’ என்றும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு போனில் ஒலிப்பதிவு ஓடும். இன்னொரு போன் செயற்கைக்கோள் நேரத்துக்கு நொடிக்கொரு பீப் அடிக்கும். பதிவைக் கேட்டால் எந்த நொடியில் மறைந்தது, எப்போது வந்தது என்று கணக்கிட்டுவிடலாம். இரண்டு இடங்களில் பார்த்தால் அந்தச் சிறுகோள் எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்று ஓரளவு சொல்லலாம்.

“ரெண்டாவது இடத்துக்கு யாரு சார்?”

“அதான் கேக்கலாம்னு. அங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்க சார்,” என்று சொல்லிவிட்டாள். யார் என்று அவளுக்கே தெரியாது.

*

துறையின் அலமாரியிலிருந்து ஒரு ஐந்தங்குலத் தொலைநோக்கியும், அதில் பாதிப் பருமனில் இன்னொன்றும் விமானமேறின. போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் இருந்த ஹம்னாவின் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் கூப்பிடு தூரம். வாப்பா சாகுல் ஹமீது வெளியே காத்திருந்தார். அபர்தீன் பஜாரில் அவருக்கு ஒரு பை, குடைக் கடை. மகள் கொண்டுவந்த பெட்டியின் பூட்டையும் தையலையும் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல பொட்டி,” என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “ரெண்டாவது ஆளு நான்தான். வேற யாரையும் தேடாத. என் கண்ணு கழுகுக் கண்ணு.”

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. ஒரு அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு உள்ளே டார்ச்சை வைத்தாள் ஹம்னா. கூடத்தின் விளக்கை அணைத்தால் அந்தத் துளை நட்சத்திரம் மாதிரி தெரியும். லேப்டாப்போடு இணைத்த சின்ன சுவிட்ச் ஒன்று அந்த வெளிச்சத்தை நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்றும். அணைந்ததற்கும் ஆள் ‘போச்சு’ சொன்னதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கணக்கு வந்துவிடும். ஹம்னாவுக்கு அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கற்றுக்கொள்பவருக்கு அது மோசமில்லை.

வாப்பாவுக்கு ஒன்றே கால் நொடி.

“நான் கண்ணு சிமிட்டிட்டேன். திரும்பப் போடு.”

திரும்பப் போட்டாள். இந்த முறை அணையாமலே ‘போச்சு’ என்றார்.

“வாப்பா, அது போகவே இல்ல.”

“போற மாதிரி இருந்துச்சே புள்ள!”

ஆறாவது தடவை. வாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு துளையையே முறைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அணைந்தது. “போச்சு!” என்று குரல் வந்தது. ஆனால் அது அவர் குரல் இல்லை. அடுக்களை வாசலில் டீத் தட்டோடு நின்ற உம்மா ஷரீபா சொன்னது.

லேப்டாப்பைப் பார்த்தாள் ஹம்னா. கால் நொடிக்குக் கொஞ்சம்தான் மேலே.

“உம்மா, தட்டை வச்சுட்டு இங்க வந்து உக்காருங்க.”

“டீ ஆறிப்போகும்.”

“போகட்டும். உக்காருங்க.”

இருபது தடவை போட்டுப் பார்த்தாள். ஷரீபா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நேரமும் ஆடவில்லை, எல்லாம் கால் நொடியைச் சுற்றியே வந்தது. வாப்பா ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே மனைவியை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு?” என்றாள் ஷரீபா. “ஸ்கூல்ல வாலிபால்ல நான்தானே செட்டர். எதிராளி தோளு அசையும்போதே பந்து எங்க வருதுன்னு தெரியணும். யோசிச்சா பந்து தரையில கிடக்கும்.”

உம்மா பள்ளியில் விளையாடியது ஹம்னாவுக்குத் தெரியும். பீரோவில் ஒரு கோப்பையும் இருக்கிறது. ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துபோன கதை என்றே அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

*

கடலுக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் உம்மாவின் பழைய தோழி ஜெயலட்சுமி இருந்தாள். ஒரே அணியில் விளையாடியவள். இப்போது போர்ட் பிளேரில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. தினமும் காலையில் ஃபெர்ரி ஏறி இக்கரையில் சாத்தம் ஜெட்டிக்கு வந்து, மாலையில் ஃபெர்ரி பிடித்துத் திரும்புகிறவள். அவள் வீட்டு மொட்டை மாடியில் கிழக்கே மறைப்பே கிடையாது. அங்கே உம்மா. தெற்கே புரோத்ராபூரில், வாப்பாவின் வாடிக்கையாளர் திருநாவுக்கரசுவின் காய்கறித் தோட்டத்தில் ஹம்னா. இரண்டு இடத்துக்கும் நடுவே நிழலின் குறுக்கே போதுமான தூரம் இருந்தது. சுரேந்திரன் சாரும் போனில் சரி என்றார்.

பெரிய கஷ்டம், வானத்தில் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பதுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த ஓரிடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். நான்கு மாலைகள் உம்மாவும் மகளும் ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனார்கள். சின்னத் தொலைநோக்கி வாப்பா கடைப் பள்ளிக்கூடப் பை ஒன்றில், இரண்டு டவலுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது. “யே க்யா ஹை, தீதி? மீனா?” என்று பையைக் காட்டி ஃபெர்ரிக்காரர் இந்தியும் தமிழுமாகக் கேட்டதற்கு, “தூர்பீன், தொலைநோக்கி,” என்று மட்டும் சொன்னாள் ஷரீபா. அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

“அது கார்த்திகை,” என்று ஹம்னா மாடியில் நின்று காட்டினாள். “கொத்தா இருக்கு பாருங்க. கீழ செவப்பா ஒண்ணு, அது ரோகிணி. ரெண்டுக்கும் நடுவுல தொலைநோக்கியை வச்சா மூணு நட்சத்திரம் முக்கோணமாத் தெரியும்.”

ஷரீபா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “முக்கோணம் இல்ல. சமோசா. ஒரு பக்கம் பிதுங்கியிருக்கு.”

“சரி, சமோசா. அதுல கீழ் மூலையில இருக்கிறதுதான் நம்ம ஆளு.”

“நீ கீழங்கிற. எனக்கு மேல தெரியுது.”

“தொலைநோக்கியில தலைகீழாத்தான் தெரியும்.”

“அப்ப தலைகீழ் சமோசான்னு சொல்லு. ஒழுங்காச் சொல்லிக்குடுக்கணும்ல.”

ஜெயலட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. “அரே ஷரீபு, உன் பொண்ணையே விரட்டுறியே! பாவம்டி, ராக்கெட் சயன்ஸ் படிக்கிற புள்ள.”

“ராக்கெட் இல்ல ஆன்ட்டி,” என்றாள் ஹம்னா.

“ஏதோ ஒண்ணு.”

நான்காம் நாள் உம்மா தானாகவே தொலைநோக்கியை நிறுத்தி, ஃபோகஸ் சரிசெய்து, மூன்று நிமிடத்துக்குள் சமோசாவைப் பிடித்துவிட்டாள். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் மெல்ல விலகிப் போகும், கையால் திருகிக் கூடவே போக வேண்டும். அதையும் விரல் நுனியில் செய்தாள். தொலைநோக்கியின் மூன்று கால்களும் நிற்க வேண்டிய இடங்களை ஜெயலட்சுமி சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தாள். போன்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

கடைசியாக ஹம்னா ஒன்று சொன்னாள். “உம்மா, மறையாமயும் போகலாம். கணக்குல கொஞ்சம் பிசகு இருந்தா நிழல் தள்ளிப் போயிரும். அப்படின்னா மறையலைன்னு சொல்றதும் நல்ல பதில்தான். எது நடக்குதோ அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் வேற என்னத்தைச் சொல்லப்போறேன்?” என்றாள் ஷரீபா.

*

இருபத்தேழாம் தேதி காலையிலேயே மழை. மதியம் வெறித்தது. உம்மா மூன்று மணி ஃபெர்ரியில் தனியாகப் போனாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடம் பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். சாத்தம் ஜெட்டியில் நின்ற ஹம்னாதான் ஃபெர்ரி புள்ளியாகும் வரை கையசைத்துக்கொண்டிருந்தாள்.

புரோத்ராபூரில் திருநாவுக்கரசு தோட்டத்து விளக்குகளை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெங்காலிக் குடும்பத்திடமும் போய்ச் சொல்லி அவர்கள் வாசல் விளக்கையும் அணைக்க வைத்திருந்தார். வெண்டைப் பாத்திகளுக்கு நடுவே ஒரு பலகை போட்டு அதன்மேல் ஐந்தங்குலத் தொலைநோக்கி. வாப்பா அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து, ஒரு ஸ்டூலில் போன்களை வைத்துக் காவலுக்கு உட்கார்ந்தார். பேசவே கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் உதட்டை இறுக மூடியிருந்தார்.

ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சமோசா, அதன் மூலை, எல்லாம் பளிச்சென்று. ஹம்னா ஒலிப்பதிவைத் தொடங்கினாள். பெயர், இடம், தேதி சொன்னாள். பீப், பீப் என்று நொடிகள் போயின.

ஆறு ஆறு. ஆறு ஏழு. மூன்று வருடமாகப் புத்தகத்திலும் திரையிலும் பார்த்த வானம், இப்போது ஒரு வேலையாக அவள் கண்ணுக்கு நேரே நிற்கிறது என்ற நினைப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தாள்.

ஆறு எட்டுக்குப் புள்ளி மங்கியது. இன்னும் நேரம் இருக்கிறதே என்று திடுக்கிட்டாள். அதற்குள் பக்கத்துப் புள்ளிகளும் மங்கின. சமோசா முழுக்கக் கரைந்தது. தலையை நிமிர்த்தினாள். கடல் பக்கமிருந்து ஒரு மேகம், வேறு எங்குமே இல்லாத ஒற்றை மேகம், ரோகிணிக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

“மேகம்,” என்று ஒலிப்பதிவுக்குச் சொன்னாள். “ஆறு மணி எட்டு நிமிஷம் இருபது நொடி. நட்சத்திரம் தெரியல.”

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு ஒன்பது வந்தது, போனது. பத்து. ஆறு பதினொன்றரைக்கு மேகம் நகர்ந்தது. நட்சத்திரம் ஒன்றுமே நடக்காதது போல் அதே மூலையில் மினுங்கிக்கொண்டிருந்தது.

பதிவை நிறுத்திவிட்டு அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. வாப்பா அவசரமாக எழுந்து வந்தார். “பேசலாமா இப்ப?” என்று கேட்டுவிட்டு, அவள் தலையாட்டியதும், “மேகம் உன் பேச்சையா கேக்கும் புள்ள?” என்றார். கைக்குட்டையை நீட்டினார்.

ஆறே காலுக்கு முன்னால் யாரும் யாருக்கும் போன் பண்ணக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். சரியாக ஆறே காலுக்கு வாப்பாவின் போன் அலறியது. ஜெயலட்சுமி. ஸ்பீக்கர் போடத் தேவையே இல்லை, தோட்டம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே! பாத்துட்டா! உங்க சம்சாரம் பாத்துட்டா! மறைஞ்சு போயித் திரும்ப வந்துருச்சு!”

பின்னால் உம்மாவின் குரல்: “கத்தாத ஜெயா, பக்கத்துல எல்லாம் வந்துருவாங்க.”

கைக்குட்டை ஹம்னாவின் கையில் அப்படியே இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ‘எனக்கு இல்லையே’ என்று நெஞ்சுக்குள் சுருக்கென்றது. மூன்று வருடம் படித்தவளுக்கு மேகம், நான்கு மாலை படித்தவளுக்கு நட்சத்திரம். பிறகு திருநாவுக்கரசுவின் தோட்டத்தில் நின்றுகொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாப்பாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே திருநாவுக்கரசுவும் சிரித்துவிட்டு, போகும்போது ஒரு பை நிறைய வெண்டைக்காய் கொடுத்தனுப்பினார்.

*

எட்டு மணிக்கு உம்மா வீடு வந்து சேர்ந்தாள். சாப்பிட்டதும் கூடத்தில் உட்கார்ந்து பதிவைப் போட்டார்கள். பீப் சத்தம். ஜெயலட்சுமி மூச்சுவிடும் சத்தம். ஆறு எட்டு, ஐம்பதாவது நொடியில் ஃபெர்ரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அது ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் உம்மாவின் குரல்:

“மங்கு— போச்சு!”

மூன்று பீப்.

“வந்துருச்சு. கொஞ்சமா... ஆ, இப்ப முழுசா.”

ஹம்னா பதிவை நிறுத்தினாள். “இது என்ன உம்மா, ‘மங்கு’ன்னு?”

“ஒரேயடியாப் போகல. முதல்ல பாதியாச்சு. அப்புறம்தான் போச்சு. வரும்போதும் அப்படித்தான். பாதி வந்துச்சு, அப்புறம் மீதி.”

ஹம்னாவுக்கு மண்டைக்குள் மணி அடித்தது. ஒரு நட்சத்திரம் சிறுகோளுக்குப் பின்னால் மறைந்தால் விளக்கை அணைத்தது போல் சட்டென்று மறைய வேண்டும். இரண்டு படியாக மறைந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு: அது ஒரு நட்சத்திரமில்லை, ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு நெருக்கமானவை இப்படித்தான் எப்போதாவது பிடிபடும். ஆனால் அதையே, புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் செய்யும் கோளாறு என்றும் சொல்வார்கள். காற்றில் நட்சத்திரம் துடிக்கும், கண் களைக்கும், மெல்லிய மேகம் குறுக்கே போகும்.

“மேகம் ஏதாவது வந்துச்சா?”

“இல்ல. பக்கத்துல இருந்த ரெண்டும் அப்படியே இருந்துச்சு.”

“கண்ணு களைச்சிருந்துச்சா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க உம்மா. பாதியாச்சுன்னு உறுதியாத் தெரியுமா? சும்மா மினுங்கினதா இருக்கலாம்ல?”

ஷரீபா தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். “நான் பாத்ததைச் சொல்லிட்டேன். நீ கேக்க ஆசைப்படறதைச் சொல்லணும்னா அதையும் சொல்லு, சொல்லிடறேன்.”

ஹம்னா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அறிக்கைப் படிவம் திரையில் திறந்திருந்தது. மறைந்த நேரம், வந்த நேரம், பார்த்தவரின் தாமதம், எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். கடைசிக் கட்டத்தில், ‘மறைவு உடனடியாகவா, படிப்படியாகவா?’ என்று கேட்டிருந்தது. உடனடியாக என்று போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். படிப்படியாக என்று போட்டால், எட்டாவது ரேங்க் மாணவி, அவள் உம்மா, சமோசா என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கலாம். முதல் வருடச் சிரிப்பு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுக்களையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ‘எது நடக்குதோ அதை மட்டும் சொல்லுங்க’ என்று இந்த உம்மாவிடம் சொன்னது யார்? தான்தானே. ஹம்னா ‘படிப்படியாக’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். கீழே, உம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். பக்கத்து நட்சத்திரங்கள் மங்கவில்லை என்பதையும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் சாரிடமிருந்து பதில் வந்தது. ‘அருமை. உன் உம்மாவுக்கு என் வாழ்த்து. மேகத்துக்காக வருத்தப்படாதே, எனக்கு வாழ்க்கையில் பாதி மேகம்தான். படிப்படியாக என்று போட்டிருக்கிறாய். கண்ணின் கோளாறாக இருக்கலாம். பார்ப்போம்.’

கடைசி வரியை மட்டும் அவள் உம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஷரீபா விடுகிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது கேட்டேவிட்டாள். “நான் சொன்னதை உங்க சார் நம்பலையா?”

“நம்பலைன்னு இல்ல உம்மா. வேற யாராவதும் பாத்திருந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

“சரி,” என்றாள் ஷரீபா, ஒரு சட்டையை உதறிக்கொண்டே. “ரெஃப்ரி அவுட்டுன்னு கை காட்டுனா காட்டட்டும். கோட்டுல விழுந்த பந்து கோட்டுலதான் விழுந்துச்சு.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபமும் இல்லை. மாலையில் மட்டும் மாடிக்குப் போய், சின்னத் தொலைநோக்கியில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். விமான நிலைய வெளிச்சத்தில் அதிகம் தெரியாது. தெரிகிற வரைக்கும் பார்ப்பாள்.

*

ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. ஆறாம் செமஸ்டர், காலை எட்டரைக்கு நட்சத்திர அமைப்பியல், மதியம் ஆய்வகம். ஹம்னா விடுதி அறையில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம் சுரேந்திரன் சார் போன் செய்தார்.

“எங்க இருக்கே? துறைக்கு வர முடியுமா?”

ஓட்டமும் நடையுமாகப் போனாள். சாரின் திரையில் ஒரு வரைகோடு இருந்தது. தாய்லாந்தில், கடலோர ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து வீடியோ கேமராவில் அதே மறைவைப் பதிவு செய்திருந்தார். நிழல் அந்தமானுக்கு வருவதற்கு முக்கால் நிமிடம் முன்னால் அவர் ஊரைக் கடந்திருந்தது. வீடியோவை அலசி முடிக்க அவருக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

கோடு நேராக வந்தது. பாதிக்கு இறங்கியது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அங்கேயே நின்றது. பிறகு அடியோடு விழுந்தது. வலப்பக்கம் அதே போல் பாதி ஏறி, நின்று, முழுசாக ஏறியது. இரண்டு பக்கமும் படிக்கட்டு வைத்த கிணறு மாதிரி இருந்தது.

ஹம்னா அந்தப் படிகளைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இரட்டை நட்சத்திரம்,” என்றார் சார். “இதுவரைக்கும் எந்தப் பட்டியல்லயும் இல்ல. அவர் கேமரால பாத்தாரு. உங்கம்மா கண்ணால பாத்திருக்காங்க. ரெண்டு இடத்துலயும் படி இருக்கிறதாலதான் ரெண்டும் எந்தத் திசையில, எவ்வளவு தள்ளி இருக்குன்னு கணக்குப் போட முடியுது. ஒண்ணு மட்டும் இருந்தா முடியாது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கண்ணு கோளாறுன்னு எழுதினேன். அது தப்பு. உங்கம்மாகிட்ட நானே சொல்லணும்.”

“சொல்லுங்க சார். அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

“நீ அதை அறிக்கையில விடாம எழுதினியே, அது பெரிசு. நான் மூணாம் வருஷத்துல எழுதியிருப்பேனான்னு தெரியல.” பிறகு சட்டென்று நினைவு வந்தவராக, “ஆமா, அந்தப் பதிவுல பெருசா ஒரு ஹாரன் சத்தம் வருதே, என்ன அது?” என்றார்.

“ஆறு மணி ஃபெர்ரி சார். அன்னைக்குக் கொஞ்சம் லேட்டு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஹம்னாதான் முதலில் அழைத்தாள். உம்மா கடையில் இருந்தாள். வாப்பா சரக்கு எடுக்க ஹார்பருக்குப் போயிருந்தார். விஷயத்தை முழுசாகக் கேட்ட ஷரீபா, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். யாரோ குடை விலை கேட்டார்கள், அவள் சொன்னாள். பிறகு போனுக்குத் திரும்பி, “ரெண்டா இருந்தா ஏன் நம்ம கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது?” என்று கேட்டாள்.

“ரொம்பத் தூரம் உம்மா. லைட்ஹவுஸ் தூரம்லாம் இதுக்குப் பத்தாது. தூரத்துல வர்ற வண்டியோட ரெண்டு லைட்டும் ஒண்ணாத் தெரியும்ல, அந்த மாதிரி.”

“ஒண்ணை ஒண்ணு சுத்துமா?”

“சுத்தும்.”

“எத்தனை நாளைக்கு ஒருதரம்?”

“அது இன்னும் யாருக்கும் தெரியாது.”

“தெரிஞ்சா சொல்லு,” என்றாள் ஷரீபா, ஏதோ கப்பல் எப்போது வரும் என்று கேட்பது போல.

சுரேந்திரன் சார் அடுத்துப் பேசினார். அவர் மன்னிப்புக் கேட்டதற்கு உம்மா என்ன சொன்னாள் என்று ஹம்னாவுக்குக் கேட்கவில்லை. சார் மட்டும் இரண்டு முறை “சரிங்கம்மா” என்றார், ஒரு முறை “அது நியாயம்தாங்கம்மா” என்றார். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“கட்டுரையில பார்வையாளர் பேரு போடணும்ல. ஷரீபா, பாம்பூஃப்ளாட்டுன்னு போடறேன்னேன். ஜெயலட்சுமி பேரும் வரணும்கிறாங்க. போனைப் பிடிச்சுட்டு மூச்சை அடக்கி உக்காந்திருந்தது அவங்களாம். அவங்க பேரு இல்லைன்னா தன் பேரும் வேண்டாமாம்.”

“உம்மா அப்படித்தான் சார்.”

“புரோத்ராபூர்னு உன் பேரையும் போடணும். மேகம்னு எழுதி. அதுவும் ஒரு அவதானிப்புதான்.”

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். ஹம்னா உட்கார்ந்து, ஜெயலட்சுமி ஆன்ட்டியின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு உம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வருவதற்குள், சார் கேட்டிருந்த திசைக் கணக்கை ஒரு தாளில் போட ஆரம்பித்தாள். இந்தக் கணக்கு அவளுக்கு வந்தது.